ஓடைக்கு அக்கரையில் இரண்டு மணி நேரம்

முத்துச்செல்வி கொண்டுவந்த படிவம் நான்கு பக்கம் இருந்தது. உட்கார்ந்து படிக்க முடியவில்லை. எழுந்து, கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே படித்தேன். ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடத்துக்கும் மேலாக நான் பார்த்த உடற்கல்வி ஆசிரியை வேலைக்கு, நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவள் முத்துச்செல்வி. எங்கோ ஒரு ஊரில் பள்ளிச் சுற்றுலாவில் ஏதோ ஆகிவிட, இப்போது பிள்ளைகளை வாசலுக்கு வெளியே கூட்டிப்போகவே எல்லோரும் தயங்குகிறார்கள். அவளுக்கோ மலையடிவாரம் வரையாவது கூட்டிப்போக ஆசை. அதற்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தைத் தயார் செய்து, நான் ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீடு தேடி வந்திருந்தாள்.

எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பில்லை என்ற ஒரே செய்தி நான்கு பக்கத்திலும் நான்கு விதமாக எழுதியிருந்தது.

“இதுல பிள்ளை எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“பிள்ளை பேரு மொதப் பக்கத்துலயே இருக்குல்ல டீச்சர்” என்றாள்.

சிரிப்பு வந்தது. ஆனால் அவள் மீது தப்பில்லை. படிவத்தில் இரண்டு இடங்களைத் திருத்தினேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “இம்புட்டு வருசமா ஓடை, பாறைன்னு கூட்டிட்டுப் போயிருக்கீங்களே டீச்சர். ஒண்ணுமே நடந்ததில்லயா?”

“ஒண்ணும் நடக்கல” என்றேன்.

அவள் தெம்பாகப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. நான் சொன்னது பொய்யில்லை. ஒரு மணிக்கட்டு முறிவு, இரண்டு பேருக்குத் தேனீக் கொட்டு, அவ்வளவுதான் மொத்தக் கணக்கும். ஆனால் ஒன்றுமே நடக்காத ஒரு சனிக்கிழமை இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அது என்னை விடவில்லை. முத்துச்செல்விக்கு வாசலில் வைத்துச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மம்சாபுரம். அப்பா போலீஸ்காரர். வீட்டில் ஓடுவதற்குத் தடை இல்லை, விழுவதற்கும் தடை இல்லை. விளையாட்டில் மாவட்ட அளவுக்குப் போனேன், உடற்கல்விப் பட்டயம் வாங்கினேன், வேலை கிடைத்தது. முதல் பத்து வருடம் எல்லாப் பி.டி. டீச்சரும் செய்வதைத்தான் செய்தேன்: கோ-கோ, அணிவகுப்பு, சுதந்திர தினத்துக்கு வளையம் வைத்து ஆட்டம். பிள்ளைகளுக்கு அடிபடாமல் வீட்டுக்கு அனுப்புவதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓர் அரையாண்டு விடுமுறையில் எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கல்குவாரிக் குழியில் தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரில் இறங்கி, இறந்துபோனாள். பள்ளி திறந்த அன்று காலை வணக்கக் கூட்டத்தில் நான்தான் மைக்கைப் பிடித்தேன். தண்ணிப் பக்கம் போகக் கூடாது, மரத்தில் ஏறக் கூடாது, பாறைப் பக்கம் போகக் கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள்.

அன்று மத்தியானம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ரங்கநாயகி அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பள்ளியில் தமிழ்தான் பேசுவார்; யோசிக்கும்போது மட்டும் “சரே, சரே” என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. அதுதான் பயம். எந்தக் காகிதத்தையும் கொண்டுபோன அன்று கையெழுத்துப் போட மாட்டார். “ராத்திரி இது இங்க தூங்கட்டும்” என்று மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுவார். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஓரத்தில் பச்சை மையில் ஒரு கேள்வி இருக்கும். அதற்குப் பதில் எழுதினால் இன்னொரு ராத்திரி.

“காலைல நீ பேசுனதக் கேட்டேன் வேலம்மா” என்றார். “போகக் கூடாதுன்னு சொன்னே. அந்தப் பிள்ளைக்கும் போன வருசம் இதையேதான சொன்னோம்?”

“ஆமாம்மா.”

“போயிருச்சு. தண்ணிய எப்பிடிப் பாக்கணும்னு தெரியாமப் போயிருச்சு. போகாதேன்னு சொல்றதுக்கு ஒரு வாத்தியார் எதுக்கு? சுவத்துல எழுதி வச்சாப் போதும்ல?”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெளியே வந்து மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றினேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

மைதானத்து மதிலோரம் ஒரு புளியமரம் நின்றது. அதில் ஏறச் சொல்லித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காகிதத்தில் பச்சை மையில் மூன்று கேள்வி: என்ன கெட்டுப்போகலாம்? கெட்டுப்போனால் யார் முதலில் ஓடுவது? கெட்டுப்போவதற்கு முன்னாலேயே அது எப்படித் தெரியும்? முதல் இரண்டுக்கும் எழுதிவிட்டேன். மூன்றாவதுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதி அனுப்பினேன். ரங்கநாயகி அம்மா இறங்கி மரத்தடிக்கே வந்துவிட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார். நின்றுகொண்டிருந்த பிள்ளைகளிடம், “இதுல எந்தக் கிளை ஒடியும், சொல்லுங்க பாப்போம்” என்றார். ஒருத்திக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

“இது தெரியுற வரைக்கும் ஏத்தாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் மூன்று வாரம் ஏறவே இல்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பட்டை உரிந்த கிளை எது, தட்டினால் சத்தம் மாறுகிற கிளை எது, எறும்பு ஏறுகிற பொந்து எது. பிள்ளைகள் நோட்டில் வரைந்தார்கள். நாலாவது வாரம்தான் ஏறினார்கள். இரண்டு கை, இரண்டு கால், மொத்தம் நாலு. அதில் மூன்று எப்போதும் மரத்தைப் பிடித்திருக்க வேண்டும், ஒன்றுதான் நகரலாம். முதலில் இறங்கப் பழகிவிட்டு அப்புறம்தான் மேலே போகலாம். சில தகப்பன்மார் வந்து சண்டை போட்டார்கள். “பொம்பளப் பிள்ளைய மரமேறியாக்கப் பாக்கீகளா?” என்று ஒருவர் கேட்டார். ரங்கநாயகி அம்மா அவரை மரத்தடிக்குக் கூட்டிப்போய், அவர் மகளையே விட்டு எந்தக் கிளை ஒடியும் என்று காட்டச் சொன்னார். மகள் காட்டினாள். அவர் அப்புறம் வரவில்லை.

மரத்திலிருந்து பாறைக்குப் போனோம், பாறையிலிருந்து ஓடைக்கு. வெளியே போகப் போக எனக்கு ஒரு விதி வேண்டியிருந்தது. ஆறு ஆறு பேராகப் பிரிப்பேன். ஒவ்வொரு குழுவிலும் அன்றைக்கு ஒருத்தி ‘நில்லுக்காரி’. அவள் “நில்லு” என்றால், யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. எல்லோரும் நின்ற பிறகு நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “என்ன பாத்தே?” என்ன நினைத்தாய் என்று கேட்க மாட்டேன். அவள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மற்றவர்களும் பார்ப்பார்கள். திருப்தியானால் “எடுத்தாச்சு” என்று அவள்தான் தடையை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

இதை எழுதிக் கொடுத்தபோது பச்சை மையில் ஒரு கேள்வி வந்தது: டீச்சர் எடுக்கலாமா? ‘அவசரம் என்றால் எடுக்கலாம்’ என்று எழுதினேன். இரண்டு ராத்திரி தூங்கிவிட்டுத்தான் அந்தக் காகிதம் கையெழுத்தோடு வந்தது.

சண்முகக்கனி இந்த விதி வந்து சில வருடம் கழித்து வந்தவள். செட்டியார்பட்டிப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. முதல் நாள் புளியமரத்தில் இரண்டாவது கவட்டை வரை ஏறிவிட்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் மரத்தைக் கட்டிக்கொண்டாள். அரை மணி நேரம். கீழே நின்று ஒவ்வொரு காலாகச் சொல்லிச் சொல்லி இறக்கினேன். இனிமேல் வர மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்தாள். அதே கவட்டை வரை ஏறினாள், தானாக இறங்கினாள். அதற்கடுத்த வாரமும் அதே கவட்டை.

“மேல போகலையா?” என்று கேட்டேன்.

“இது வரைக்கும் எனக்குத் தெரியும் டீச்சர். அது போதும்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பிடித்த பிள்ளைகள் உச்சிக் கிளையில் நின்று கை காட்டுகிறவர்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை ஐப்பசி மழை ஓய்ந்திருந்த நேரம். இருபத்து நான்கு பிள்ளைகள், நான், எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர். மலையடிவாரத்தில் தெரிந்தவர்களுடைய மாந்தோப்பு. தோப்பின் நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு அக்கரையில் உட்கார்ந்து சாப்பிட நிழலும், பழக நல்ல பாறையும் உண்டு. தோப்புக் காவல்காரர் மாடசாமி அண்ணன் எங்களுக்குத் துணை. காலையில் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் ஓரத்தில் கணுக்கால் அளவு, நடுவில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. கடந்ததும், சொல்லிக் கொடுத்தபடி, நில்லுக்காரிகள் நாலு பேரும் தண்ணீர் விளிம்பில் ஆளுக்கு ஒரு கல்லை அடையாளம் வைத்தார்கள். அந்த நால்வரில் சண்முகக்கனி ஒருத்தி.

நாள் நன்றாகப் போனது. மூன்று மணிக்குத் திரும்பினோம். நான்கு மணிக்குத் தார்ச்சாலையில் வேன் வந்து நிற்கும். ஐந்து மணிக்குள் பள்ளி வாசலில் பெற்றோர் வந்துவிடுவார்கள். வானம் எங்கள் தலைக்கு மேல் வெளுத்துத்தான் இருந்தது. மலை உச்சியில் மட்டும் மேகம். அது எப்போதும் இருப்பதுதான்.

மாடசாமி அண்ணன் முன்னால் இறங்கி நடுவில் போய் நின்று காட்டினார். முழங்கால் அளவு. “வாங்க பிள்ளைகளா” என்றார். முதல் குழு சண்முகக்கனியின் குழு. கை கோத்துக்கொண்டு ஒருத்தி காலை வைக்கப் போனாள்.

“நில்லு.”

சத்தமாகக்கூட இல்லை. ஆனால் எல்லோரும் நின்றார்கள். கால் வைக்கப் போனவள் அந்தரத்தில் இருந்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

“என்ன பாத்தே?” என்றேன்.

“காலைல கல்லு தெரிஞ்சிச்சு டீச்சர். இப்பத் தெரியல.” தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “இலை வருது. காஞ்ச இலை இல்ல, பச்ச இலை” என்றாள். அப்புறம், “நா வச்ச கல்லைச் சுத்தித் தண்ணி ஏறியிருக்கு” என்றாள்.

எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் லேசாகக் கலங்கித்தான் இருந்தது. பச்சை இலைகள் ஒன்றிரண்டு மிதந்து வந்தன. மேலே எங்கோ காற்றோ மழையோ கிளையை முறித்திருக்கலாம். ஏதாவது குரங்கு முறித்துப் போட்டிருக்கவும் கூடும். கல் நனைந்திருந்தது. மற்ற மூன்று கல்லும் காய்ந்து இருந்தன.

“ஏட்டி, நா பொறந்ததுல இருந்து இந்த ஓடையில நடக்கேன்” என்றார் மாடசாமி அண்ணன், தண்ணீருக்குள் நின்றபடியே. “இதெல்லாம் ஒரு தண்ணியா? செத்த நேரத்துல அம்புட்டுப் பேரும் அங்கிட்டுப் போயிரலாம்.”

சண்முகக்கனி எடுக்கவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தோம். மறுபடி கேட்டேன். அதே பதில். இன்னும் கால் மணி நேரம். பிள்ளைகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக் கல்யாணம். “இவளால எல்லாம் போச்சு” என்று காதுபடவே சொன்னாள். வேன் டிரைவருக்குத் தகவல் சொல்ல செல்போனில் சிக்னல் இல்லை. மாடசாமி அண்ணன் தானே போய்ச் சொல்லிவிடுவதாகக் கிளம்பினார். நாங்கள் இருபத்தாறு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஓடையைக் கடந்து போய்விட்டார்.

அதைப் பார்த்த பிறகு பிள்ளைகளை நிறுத்தி வைப்பது பெரும்பாடாக இருந்தது. நடந்தேன். ஓடைக் கரையில் பத்தடி அங்கே, பத்தடி இங்கே. கடிகாரத்தைப் பார்ப்பேன், மேகத்தைப் பார்ப்பேன், கல்லைப் பார்ப்பேன். தண்ணீர் ஏறுகிற மாதிரியும் இருந்தது, ஏறாத மாதிரியும் இருந்தது. முறைத்துப் பார்க்கப் பார்க்க எதுவும் பிடிபடவில்லை. இந்த விதியை ஏற்படுத்தியவள் நான். அதை எடுத்துவிடலாம் என்று எழுதி வைத்தவளும் நான். இது அவசரமா இல்லையா? ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

கடைசியில் அவள் பக்கத்தில் போய், நிதானமாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னேன்: “போதும் சண்முகக்கனி. எடுத்துரு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் குரலில் அழுகை இல்லை.

“நீங்க வேணா எடுங்க டீச்சர். நா எடுக்க மாட்டேன்.”

அவ்வளவுதான் அன்று நடந்தது. நான் எடுக்கவில்லை.

ஐந்து மணியானபோது அக்கரையிலேயே ஓடையை ஒட்டிக் கீழே நடக்கலாம் என்று முடிவு செய்தேன். தோப்பு தோப்பாகத் தாண்டி ஆறு கிலோமீட்டர் போனால் சாலைப் பாலம். அறிவியல் டீச்சர் முன்னால், நான் பின்னால். முள் கிழித்தது, இரண்டு பிள்ளைகளுக்குச் செருப்பு அறுந்தது. பாலத்தை அடையும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. வேன் அங்கே தேடிக்கொண்டு வந்து நின்றது. பள்ளி வாசலில் இறங்கும்போது ஏழரை மணி. தெரு முழுக்கப் பெற்றோர். அதற்குள் டிரைவர் போனில் சொல்லிச் செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது: முழங்கால் தண்ணீருக்குப் பயந்து பிள்ளைகளைக் காட்டில் நடக்க விட்டிருக்கிறார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் நான் தனியாகப் பஸ் பிடித்து ஓடைக்குப் போனேன். தண்ணீர் கணுக்கால் அளவு. தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. சண்முகக்கனி வைத்த கல்லைக் காணவில்லை. மற்ற மூன்றில் இரண்டைக் காணவில்லை. ஆடு மாடு மிதித்து உருண்டிருக்கலாம். கரையிலிருந்த நொச்சிச் செடியில் என் இடுப்பு உயரத்துக்குச் சருகும் குச்சியும் சிக்கியிருந்தன. நேற்று ராத்திரி சிக்கியதா, போன வாரத்து மழையில் சிக்கியதா? தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. பனியிலும் ஈரமாகும். மாடசாமி அண்ணன் முந்தின நாள் வீட்டுக்குப் போனவர் திரும்பி வந்து பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. வெயில் ஏறும் வரை அங்கேயே நடந்துகொண்டிருந்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் ஏழெட்டுப் பெற்றோர் வந்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர்.

“எம் பிள்ளையத் தைரியமா வளக்கணும்னுதான் ஒங்ககிட்ட விட்டேன்” என்றார். “காவக்காரரு நடந்து காட்டுன தண்ணி. அதுக்குப் போய் ஆறு கிலோமீட்டர் நடத்தியிருக்கீங்க. யாரு நிக்கச் சொன்னது?”

எதைச் சொல்வது? நின்றது சரி என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஓர் அம்மா, “செட்டியார்பட்டிப் பிள்ளையாம், அதுதான் பயந்துக்கிட்டு மறிச்சிருச்சாம்” என்றார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ரங்கநாயகி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நிக்கச் சொன்னது இந்தப் பள்ளிக்கூடம்” என்றார். “கையெழுத்து என்னோடது. கேக்குறத எங்கிட்டக் கேளுங்க.”

அவர்கள் கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். அரை மணி நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். நானும் நகரப் பார்த்தேன்.

“ஓடையப் போய்ப் பாத்தியா?”

“பாத்தேம்மா.”

“என்ன தெரிஞ்சது?”

“ஒண்ணும் தெரியல. தண்ணி வந்த மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு.”

“சரே.” அவர் கண்ணாடியைத் துடைத்தார். “அதனாலதான் வாயத் தொறக்காம நின்னே. தண்ணி வந்திருந்தா அந்தப் பிள்ளையத் தலைல தூக்கி வச்சிருப்பே. வரலன்னா யாரோ எவளோன்னு நிப்பே. அப்ப நீ இத்தன வருசமா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது என்ன? ஜோசியமா?”

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றே நான் சண்முகக்கனியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் மறுநாள் போவது இன்னும் கூச்சமாகிப்போனது. அதற்குள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். குடிதண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் “நில்லு நில்லு” என்று ஒருத்தி சொல்வாள், வரிசை முழுக்கச் சிரிக்கும். பி.டி. பீரியடில் வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் வழியாக அவள் தலை மட்டும் மைதானத்திலிருந்து தெரியும். நான் விசில் ஊதிக்கொண்டிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கைக் கையில் எடுத்தேன். “அன்னைக்கு ஓடையில தண்ணி ஏறுச்சா ஏறலையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது” என்றேன். “தெரியாதப்ப நிக்கணும்னு சொல்லிக் குடுத்தது நான். சொல்லிக் குடுத்த நானே கடக்கப் பார்த்தேன். நின்னது சண்முகக்கனி. அவ செஞ்சதுதான் சரி. அத அன்னைக்கே சொல்லாதது என் தப்பு.” சிரித்த பிள்ளைகள் தலை குனிந்தார்கள். ரங்கநாயகி அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் சண்முகக்கனியைத் தேடிப் போனேன். தோளைத் தொட்டேன்.

“ரெண்டு வாரம் ஆச்சு டீச்சர்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். வகுப்புக்குள் போய்விட்டாள்.

அப்புறம் ஓடைக்கோ பாறைக்கோ அவள் வரவே இல்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

விதியை மாற்றினேன். டீச்சர் எடுக்கலாம் என்பதை அடித்துவிட்டேன். அது மட்டும் போதவில்லை. நில்லுக்காரியிடம் “எடுத்துரு” என்று கேட்பதும் கூடாது என்று சேர்த்தேன். ரங்கநாயகி அம்மா அந்தக் காகிதத்துக்கு மட்டும் கொண்டுபோன அன்றே கையெழுத்துப் போட்டார். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர்களில் ஒருவர் ஒரு வருடம் முழுக்க எதற்கும் அனுமதி தரவில்லை. அடுத்தவர் தந்தார். கூட்டிப்போனேன். ஒவ்வொரு தடவையும் ஓடைக்கரையில் அந்த இரண்டு மணி நேரம் எனக்குத் திரும்ப வரும். கரையிலிருந்த அந்த நொச்சிச் செடியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் கடந்ததில்லை. எந்த உயரத்தில் சருகு இருக்கிறது என்று பார்ப்பேன். அதிலிருந்து ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் பார்ப்பேன்.

முத்துச்செல்வி வந்துபோன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். சண்முகக்கனியின் கதை அவள் வேறு பள்ளிக்குப் போனதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை. எழுதியதை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். “பி.டி. டீச்சர்தான?” என்று பக்கத்தில் ஒரு குரல். திரும்பினால், கையில் ஒரு துணிப்பை, தோளில் துப்பட்டாவை ஊக்குப் போட்டு இறுக்கியிருந்த ஒரு பெண். முகம் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலையாம். மம்சாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் அக்காவைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்புகிறாளாம். மதுரை பஸ் இன்னும் வரவில்லை.

பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தேன். “சண்முகக்கனி, அன்னைக்கு அந்த இலையையும் கல்லையும் நீ மட்டும்தான் கவனிச்சே. நாங்க யாருமே…”

“இலையெல்லாம் நா பொறவுதான் டீச்சர் பாத்தேன்” என்றாள்.

“பொறவா?” என்றேன்.

“மொதல்ல பயந்துதான் நில்லுன்னு சொன்னேன். எதுக்குன்னே தெரியாது. சொன்ன பொறவு, நீங்க என்ன பாத்தேன்னு கேப்பீங்களேன்னு தண்ணியப் பாத்தேன். அப்பத்தான் கல்லு தெரியலன்னு தெரிஞ்சிச்சு. அப்பொறம்தான் இலை.” சிரித்தாள். “இதச் சொன்னா வைவீங்கன்னு சொல்லாமயே இருந்துட்டேன்.”

“பயந்துதான் சொன்னேன்னா, பொறவு ஏன் எடுக்கல? அம்புட்டுப் பேரும் ஒன்னத் திட்டிக்கிட்டு நின்னாக. ரெண்டு மணி நேரம்.”

“எடுத்துரலாம்னுதான் இருந்தேன் டீச்சர். வாய் வரைக்கும் வந்திருச்சு. அப்பத்தான் நீங்க பக்கத்துல வந்து எடுத்துருன்னு சொன்னீங்க.” துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டாள். “ஒங்க குரல் நடுங்குச்சு. டீச்சருக்கே பயமாத்தான் இருக்கு, அவசரத்துல சொல்லுதாகன்னு தோணிச்சு. அதனாலதான் எடுக்க மாட்டேன்னேன்.”

மதுரை பஸ் வந்தது. “வாரேன் டீச்சர், ஒடம்பப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது போலிருக்கிறது, கை காட்டினாள். நானும் காட்டினேன். பஸ் திரும்பிப் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். நிதானமாகச் சொன்னேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மேலே அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறேன். அதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

என்ன பாத்தே, என்ன பாத்தே என்று அன்று அவளிடம் கால் மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லைச் சொன்னாள், இலையைச் சொன்னாள், தண்ணீர் ஏறியிருந்ததைச் சொன்னாள். என்னைப் பார்த்ததை மட்டும் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.